ஆளுக்கொரு பிள்ளை

1

"ரெட்டைப் பிள்ளைகளை எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "ஆளுக்கொண்ணுங்க." கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன வாரம் திருப்பூரிலிருந்து என் அண்ணி மேகலா கூப்பிட்டார். அவருடைய தங்கைக்கு இரட்டைக் குழந்தை என்று ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்களாம்.

"புள்ள பயந்துபோயிக் கெடக்கறா அம்மிணி. உங்கிட்டக் கேட்டுச் சொல்லுன்னு ஒரே புடியா நிக்கறா. நீதான் ரெண்டையும் வளத்தவளாச்சே."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. வேறு யாரிடமும் சொல்லலாம். அண்ணியிடம் சொல்ல முடியாது. ஊரில் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர்.

"போன்ல சொல்ற கதையில்லீங்க அண்ணி. எழுதியே அனுப்பறனுங்க" என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் வாசுகி. திருப்பூர் மண்ணரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கணவர் சரவணன் பல்லடத்துக்காரர், வாகனப் பொறியாளர். அவருடைய வேலைக்காகத்தான் சுவீடனுக்கு வந்தோம். கோத்தென்பர்க் நகரத்தில், டிராம் தண்டவாளத்தைப் பார்த்தபடி மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. பிள்ளைகள் முகிலனுக்கும் யாழினிக்கும் இப்போது நான்கு வயது. இருவரும் தங்களுக்குள் சுவீடிஷில்தான் சண்டை போடுவார்கள். எங்களிடம் புகார் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு வருவார்கள், அதுவும் பாதி வழியில் திரும்பிப் போய்விடும். இதை எழுதும் இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அவர் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது.

2

முகிலன் முதலில் பிறந்தான். அவன்தான் உடம்பில் சின்னவன். யாழினி பின்னால் வந்தாலும் அவனைவிட நல்ல எடை. இருவருக்கும் நானே பால் கொடுப்பதென்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வது எப்படி என்று ஆஸ்பத்திரியில் பொம்மைகளை வைத்துச் செய்து காட்டினார்கள். பொம்மைகள் சொன்னபடி கேட்டன. வீட்டுக்கு வந்தபின் ஒருவனைச் சரியாகப் பிடிக்க வைப்பதற்குள் மற்றவள் வீறிட்டுக் கத்துவாள். முகிலன் கொஞ்சம் குடிப்பான், களைத்துத் தூங்குவான், மறுபடி விழிப்பான். அவனோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. யாழினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் பசிக்கு என் பால் போதவும் இல்லை.

எடை பார்க்கிற குழந்தைகள் நல நிலையத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒருநாள் யாழினியைத் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மர் டூ போதா?" என்று கேட்டார்.

அந்த மொழியில் 'அம்ம' என்றால் தாய்ப்பால் கொடுப்பது. 'போதா' என்றால் இரண்டு பேருக்கும். நீ இரண்டு பேருக்கும் தாய்ப்பால் கொடுக்கிறாயா என்பதுதான் கேள்வி. எனக்கு அப்போது கடைக்குப் போய்வரும் அளவு சுவீடிஷ்தான் தெரியும். தூக்கமில்லாத என் காதில் விழுந்தது 'அம்மா போதாது' என்றுதான். பிள்ளையின் எடை வேறு கூடியிருக்கவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவினார். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. சரவணன்தான் நடுவில் நின்று இரு பக்கமும் விளக்கினார். விளக்கி முடித்ததும் நர்ஸ் சிரிக்கவில்லை. "புட்டிப்பால் கொடுப்பதில் தப்பே இல்லை. இருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரு வேளை நீ, ஒரு வேளை அவர்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சரவணன் சோபாவில் சாய்ந்து யாழினிக்குப் புட்டியைக் கொடுத்தார். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து, அவர் மார்பிலேயே தூங்கிப்போனாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் முகிலனோடு படுக்கையறையில் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

மாற்றி மாற்றிக் கொடுக்கவும் முயன்றோம். முகிலன் புட்டியைத் துப்பினான். யாழினி என்னிடம் வந்தால் முட்டி மோதி அழுதாள். அழவிடாமல் இருக்க எளிய வழி எங்கள் கண் முன்னால் இருந்தது. அவன் எனக்கு, அவள் அவருக்கு.

யார் பால் கொடுக்கிறார்களோ அவர்கள் மேலேயே குழந்தை தூங்கிவிடுகிறது. பிறகு அவர்களிடம் மட்டுமே தூங்குகிறது. ஒருவர் அழுகை மற்றவரை எழுப்பக் கூடாதென்று நானும் முகிலனும் அறையில் படுத்தோம், அவரும் யாழினியும் கூடத்தில். கூடவே தூங்குகிறவருக்குத்தான் எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி என்று தெரிகிறது. அதனால் தடுப்பூசிக்கு அவளை அவரே கூட்டிப்போனார். அவளுக்கு நகம் வெட்டுவதும் அவர்தான். பிள்ளை வளர்ப்பு விடுப்புக்குப் பணம் தரும் அரசுக் காப்பீட்டு அலுவலகம், எந்தக் குழந்தையின் பெயரில் யார் விடுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்கும். குழப்பம் வேண்டாமென்று அவன் பெயரில் நானும் அவள் பெயரில் அவரும் எடுத்தோம்.

எல்லாரும் மெச்சினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "இந்த நாட்டு ஆண்களே உன் புருஷனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றாள். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வேலையைச் சரிபாதியாகப் பங்குபோட்டுக்கொண்டதாக நினைத்தோம். பிள்ளைகளைப் பங்குபோட்டிருந்தோம் என்பது ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

3

பிள்ளைகளுக்கு ஒன்றரை வயது ஆகும் முன் மொட்டையடித்துக் காது குத்த வேண்டுமென்று என் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா இல்லாத வீடு அது. மண்ணரையில் கீழ்த்தளத்தில் அண்ணன் பாலுவின் பனியன் யூனிட், மேலே வீடு. அண்ணன், அண்ணி, ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் ஹர்ஷினி, அப்பா. காலையில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் மாடித் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

நான் சின்னவளாக இருந்தபோது அப்பா நிட்டிங் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார். பகலில் தூங்குவார். "அப்பா தூங்கறாரு" என்பதுதான் எங்கள் வீட்டின் சட்டம். பாத்திரம் விழக் கூடாது, அண்ணனும் நானும் சண்டை போடக் கூடாது. ஒரு வீட்டில் யாருடைய தூக்கத்துக்காக மற்றவர்கள் ஓசைப்படாமல் நடக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது அப்பாவுடையது. சுவீடனில் பிள்ளைகளுடையது.

ஊருக்கு வந்த சரவணன் அங்கே செய்ததையே இங்கேயும் செய்தார். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போவார். துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே புட்டியைக் கொடுப்பார். அண்ணன்தான் நெளிந்தார்.

"ஏனுங்க மாப்ள, அதெல்லாம் நீங்களே செய்யோணுமா? ஊட்ல பொம்பளைங்க இருக்கறாங்கல்ல?"

"அவ எங்கிட்டத்தானுங்க மச்சான் குடிப்பா."

"நெசமாவா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் அவரைத் தங்கமான மாப்பிள்ளை என்றார்கள். அதே வேலையை இன்னொரு பிள்ளைக்கு நான் செய்துகொண்டிருந்ததை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. ஊர் அப்படித்தான்.

காது குத்து நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தும்போது முகிலன் என்னை நோக்கிக் கையை நீட்டி அலறினான், யாழினி அவள் அப்பாவை நோக்கி. முடிந்ததும் படமெடுக்க வந்தவர், "ஏனுங்க, பொண்ணு அம்மாகிட்ட, பையன் அப்பாகிட்ட இருந்தா நெம்ப அழகா இருக்குமுங்க" என்றார். மாற்றிக்கொண்டோம். இருவரும் கத்திய கத்தலில் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மறுபடி மாற்றிக்கொண்டதும் அடங்கினார்கள். கூட்டம் சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

நாங்கள் எல்லாரும் சேர்ந்தே திரும்புவதாக இருந்தது. ஆனால் சரவணனின் அலுவலகத்தில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் போவது, நான் பிள்ளைகளோடு அடுத்த மாதம் வருவது என்று முடிவாயிற்று. முகிலனுக்குப் பால் மறக்கடிக்கவும் ஊரில் இருந்தால் வசதி என்று நினைத்தேன்.

யாழினி விழித்திருக்கும்போது கிளம்பினால் அழுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மதியம் தூங்கும்போது அவர் கிளம்பினார். அவள் எழுந்தாள், கூடத்துக்கு நடந்து போனாள், குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ப்பா" என்றாள். அழுகையாக இல்லை, கூப்பிடுகிற மாதிரி.

புட்டியை நான் கொடுத்தால் கையால் தட்டினாள். தூக்கினால் உடம்பை விறைத்தாள். என் மடியில் முகிலன் இருந்தான். அவள் பக்கத்தில் வந்தால் காலால் உதைத்துத் தள்ளினான். அவள் திருப்பி உதைக்கவில்லை, போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிடிவாதமும் சத்தமுமாக இருந்த பிள்ளை அடங்கிப்போனாள்.

வீடியோவில் அப்பாவைக் காட்டினோம். அவள் போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை என்று தெரிந்ததும்தான் அழுதாள். அந்தப் பக்கம் சரவணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

"நீங்க எப்படித் தூங்க வெப்பீங்க? அதையே நானும் செய்யறேன், சொல்லுங்க" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்றதில்ல வாசுகி. ஜன்னல்கிட்ட நிப்பேன். டிராம் போவும். தூங்கிருவா."

நானும் மாடி ஜன்னலில் அவளோடு நின்றேன். கீழே துணிக்கட்டு ஏற்றிய வண்டிகள் போயின. அவள் என் தோளைத் தாண்டிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து பார்த்த சொந்தக்காரப் பெண்கள், "பெத்தவ கல்லாட்டம் முன்னாடி நிக்கறப்ப புள்ள அப்பனத் தேடுமா? எங்கீம் பாத்ததில்லீங்க" என்றார்கள். திருநீறு போட்டுவிட்டார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அவள் இளைத்துக்கொண்டே போனாள். உடம்பு சுட ஆரம்பித்ததும் அண்ணனோடு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு எத்தன தடவ பால் குடிப்பாளுங்க?"

"அவிங்கப்பாதானுங்க குடுப்பாரு."

"மடியில படுத்துத் தூங்குவாளா, தோள்லயா?"

"அவரு நின்னுட்டே..." என்று நிறுத்தினேன்.

"முன்னாடி மருந்து எதாச்சும் ஒத்துக்காமப் போயிருக்குதா?"

தெரியவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவர்தான். இதே கேள்விகளை முகிலனைப் பற்றிக் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, குரலும் மாறவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

"சளிக் காய்ச்சல்தானுங்க, ரெண்டு நாள்ல போயிரும். மத்தபடி உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஆளத் தேடறா. அப்பா எப்ப வருவாருங்க?"

"வரமாட்டாருங்க. நாங்கதான் அடுத்த மாசம் போவோணும்."

"அது வரைக்கும் ஒரு ஆளுகிட்டப் பழகட்டுமுங்க. மாத்தி மாத்தி எல்லாரும் தூக்காதீங்க. ஒரே ஆளு. அது நீங்களா இருந்தா நல்லது."

திரும்பும்போது அண்ணன்தான் வண்டி ஓட்டினார். நொய்யல் பாலம் தாண்டியதும், "உனக்கே தெரியாதா அம்மிணி?" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

5

காய்ச்சல் விட்டதும் அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். என்னிடம் கேட்கக்கூட இல்லை. முகிலனின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இவன நாங்க குண்டடம் கூட்டிட்டுப் போறோம். எங்கம்மா ஊட்ல ரெண்டு நாளு இருந்துட்டு வர்றோம். ஹர்ஷினிக்கும் லீவுதான். இவன் இருக்கற வரைக்கும் அவ உம்பட மடிக்கு வரமாட்டா."

"அழுவானுங்க அண்ணி. எங்கூட இல்லாம ஒரு நாளுகூட இருந்ததில்லீங்க."

"அழுவட்டும். அவ அழுவல? எப்படியும் பால் மறக்க வெக்கோணுமின்னுதான சொன்னே?" பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உங்கண்ணன் தூக்கிக்குவாரு. நான் சொல்லீட்டேன்."

அண்ணன் குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. ஹர்ஷினி பிறந்த சமயத்தில் ஷிப்மென்ட் நெருக்கடி. பிறகும் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு ஷிப்மென்ட். அன்று அவர் முகிலனை வாங்கிக்கொண்டபோது ஈரத்துணிக் கட்டைப் பிடிப்பது போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். கார் தெருமுனை திரும்பும்வரை முகிலனின் அழுகை கேட்டது. பால் கசிந்து என் ரவிக்கை நனைந்துவிட்டது.

அப்பா யூனிட்டைப் பார்த்துக்கொள்ளக் கீழே போய்விட்டார். மாடியில் நானும் யாழினியும்தான்.

அன்று காலையிலும் புட்டியைத் தட்டினாள். வற்புறுத்தவில்லை. மார்பு கனத்து வலித்தது. ஒரு யோசனையில் அவளை அருகில் இழுத்துப் பால் கொடுக்கப் பார்த்தேன். அவள் விநோதமாகப் பார்த்தாள், விரலால் குத்தினாள், எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது இன்னதென்றே தெரியவில்லை.

மதியம் தூங்க வைக்கலாமென்று தூக்கினேன். ஜன்னலில் நின்றேன், மொட்டை மாடியில் நடந்தேன், தட்டிக் கொடுத்தேன். அவள் வளைந்து நெளிந்து இறங்கிப்போய்ப் படிக்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்குள் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கீழே பவர் டேபிள்களில் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதேன். வலி ஒரு பக்கம், குண்டடத்தில் அழுதுகொண்டிருக்கும் மகன் ஒரு பக்கம், கண்ணெதிரே எனக்கு முதுகைக் காட்டி நிற்கும் மகள் ஒரு பக்கம்.

அழுகை கேட்டு யாழினி திரும்பினாள். கம்பியை விட்டாள். மெதுவாக நடந்து வந்து எனக்கு முன்னால் நின்று என் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் வாயில் வைத்திருந்த ரப்பர் சூப்பானை எடுத்து என் உதட்டில் வைத்து அழுத்தினாள். அழுகிற ஆளுக்குச் செய்ய அவளுக்குத் தெரிந்தது அதுதான். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு அவளைத் தூங்க வைக்க நான் எதுவும் செய்யவில்லை. எனக்குப் பசித்தது. தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து எடுத்து வந்து அதே தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு கவளம் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவளே வாயைத் திறந்தாள். அங்கே சரவணன் எல்லாவற்றையும் கரண்டியால்தான் கொடுப்பார். கையால் ஊட்டுவது அவளுக்குப் புதிது. ஒவ்வொரு வாய்க்கும் என் விரலைக் கடித்தாள். பால் வேண்டாமென்றவள் டம்ளரில் ரசத்தைக் குடித்தாள்.

சாப்பிட்ட இடத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். அவள் என் பக்கத்தில் படுத்தாள், தொடாமல், ஒரு கை தூரம் விட்டு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை நீட்டி உள்ளங்காலை என் வயிற்றில் வைத்து அழுத்தினாள். அப்படியே தூங்கிப்போனாள். கால் நழுவினால் எழுந்துவிடுவாளோ என்று நான் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன். அப்பா ஏதோ கேட்க மேலே வந்தார். எங்களைப் பார்த்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வந்த வழியே ஓசையில்லாமல் இறங்கிப் போனார்.

சாயங்காலம் டீ குடிக்க வந்தபோது அவராகவே பேசினார். "கண்ணு, எனக்கு உன்னயத் தூங்க வெச்ச நெனப்பே இல்ல சாமி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். உங்கம்மாதான் எல்லாம்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாழினி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சரவணனிடம் போனில் சொன்னேன். "கால வயித்துல வெச்சா? எங்கிட்ட அப்படி வெச்சதே இல்லியே" என்றார். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

6

குண்டடத்திலிருந்து கார் வந்து நின்றபோது முகிலன் அண்ணனின் தோளில் இருந்தான். முதல் நாள் தொண்டை கட்டும்வரை அழுதானாம். அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தாராம், தாராபுரம் ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் காட்டினாராம். கடைசியில் களைத்துப்போய் அவர் கட்டிலில் விழ, அவர் வயிற்றின் மேலேயே அவனும் தூங்கிவிட்டானாம். அதற்குப்பின் அவர் வயிறுதான் வேண்டுமாம்.

"குறட்ட சத்தம் ஒத்தப் பக்கம் இல்ல, ரெண்டு பக்கமும்" என்று அண்ணி சிரித்தார்.

ஹர்ஷினி சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்பா, என்னையும் இப்படித்தான் வயித்துல போட்டுத் தூங்க வெச்சீங்களா?"

அண்ணன் முகிலனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அண்ணி அவரைக் காப்பாற்றவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சாமி" என்றார் அண்ணன். "அப்ப எனக்குத் தெரியல."

ஹர்ஷினி "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணியின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார்.

முகிலன் என்னிடம் உடனே தாவி வரவில்லை. கொஞ்சம் முறைத்தான். பிறகு வந்தான். பால் கேட்டான், கொடுக்கவில்லை, அழுதான். ஆனால் என் மடியில் இப்போது யாழினியும் இருந்தாள். அவன் உதைத்தபோது அவள் திருப்பி உதைத்தாள். இரண்டு பேரும் கத்தினார்கள். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடமும் விளக்க முடியாது.

7

விமான நிலையத்தில் சரவணன் காத்திருந்தார். யாழினிக்காக அவளுக்குப் பிடித்த சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார். அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடமாக எனக்குக் கிடைக்காதது அது. ஆனால் அவருடைய கை இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு மகிழத் தோன்றவில்லை. "நேரமாகுமுங்க. எனக்கும் ஆச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டி, தள்ளுவண்டியிலிருந்த முகிலனைத் தூக்கினார். அவன் பஸ் ஏறும்வரை அலறினான். அன்று மாலைக்குள் யாழினி அவரிடம் போய்விட்டாள். முகிலன்தான் போகவில்லை.

அண்ணியின் தங்கைக்கு நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, எது முடிகிறதோ அதைக் கொடு, அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரிடம் தூங்கப் பழகியபின் மாற்றுவதற்கு ஒரு அழுகையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அது பிள்ளையின் அழுகை மட்டுமல்ல.

ஊரிலிருந்து வந்த அடுத்த ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சரவணன் முகிலனைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். நான் அவசரமாகப் பின்னால் போனேன்.

"அவனுக்கு எடது பக்கம் சாஞ்சாத்தானுங்க தூக்கம் வரும். காதோரம் தடவோணும். போர்வ வேண்டாம், ஆனா கால் மட்டும்..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சொல்லாத வாசுகி. நானே கண்டுபுடிச்சுக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே அவன் என்னைக் கூப்பிட்டு அழுதான். கைப்பிடியில் கை வைத்தேன், எடுத்தேன். யாழினி கதவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அழுகை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நடுவே சரவணனின் குரல் கேட்டது. பாடவில்லை, ஏதோ பேசினார், என்னவென்று புரியவில்லை. பிறகு சிரிப்பு மாதிரி ஒரு சத்தம், யாருடையது என்று தெரியவில்லை. அப்புறம் அமைதி.

உள்ளே அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.